முப்பத்தொரு பக்க ஓடை

மாயாபந்தரில் விலாசத்துக்குத் தெரியாமல் ஒரு எறும்புகூட வீடு மாற்ற முடியாது. கப்பல் அணையும் ஜெட்டியின் அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும் சிப்பி முதல் எங்கள் ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் முட்டை வைக்கும் பல்லி வரை, யார் எந்தப் பொந்தில் இருக்கிறார், எப்போது கிளம்புவார், எப்போது திரும்புவார் என்பதெல்லாம் அந்த மனிதருக்கு அத்துப்படி. ஜனத்தொகைக் கணக்கெடுப்பை அவரிடம் விட்டிருந்தால் நண்டு நத்தையை எல்லாம் முதலில் எழுதிவிட்டு, இடம் மிஞ்சினால் மனிதர்களைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் கூலியாட்களின் பதிவேடான மஸ்டர் ரோலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். விலாசம் என்றால்தான் திரும்புவார். வேலை, டேப் பிடிப்பது. ரோடு அளந்தாலும் கட்டடம் அளந்தாலும் டேப்பின் சைபர் முனையை மண்ணில் அழுத்திக்கொண்டு குந்தியிருக்கும் தினக்கூலி மஜ்தூர். மறுமுனையில் நின்று நம்பரைப் படித்தவர்களுக்கெல்லாம் புரமோஷன் வந்தது. இவர் பத்து வருஷம் சைபரிலேயே இருந்தார். குந்தியிருந்த இடத்தில் ஏதாவது ஊர்ந்தால் போதும், மனுஷன் டேப்பை விட்டுவிட்டு அதன் பின்னால் தவழ்ந்து போய்விடுவார். அப்படித்தான் எங்கள் ஆபீஸ் போட்ட ஒரு காம்பவுண்டுச் சுவர் நடுவில் இரண்டடி வளைந்து நிற்கிறது.

எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நான் ரிட்டயர்டு ஹெட் கிளார்க். இந்த வயதில் எனக்கு வம்பு வேண்டாம். இதை எழுதுவதற்கே மூன்று வருஷமாகத் தைரியம் வரவில்லை.

பட்டப்பெயர் வந்த கதை இது. யாராவது “பாம்பு” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தால், மற்றவர்கள் எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று கேட்பார்கள். இவர் மட்டும் நிதானமாக “விலாசம் என்னங்க?” என்பார். சேறா மணலா, தண்ணீர் ஏறும்போதா வடியும்போதா, மரத்தில் என்றால் எத்தனை முழத்தில், நிழல் பக்கமா வெயில் பக்கமா என்று குறுக்கு விசாரணை நடக்கும். ஓடிவந்தவனுக்குப் பாம்பின் பயமே விட்டுப்போகும்.

“வீடு எங்கன்னு சொல்லுங்கையா, ஆளு யாருன்னு நான் சொல்றேன்.”

சொல்லவும் செய்வார். ஓடை வாயில், தண்ணீர் வடிகிற நேரத்தில், ஓட்டத்தைப் பார்த்துத் தலைவைத்துப் படுத்திருந்தது என்றால், அது மீனுக்காக வாயைத் திறந்து காத்திருக்கும் சேற்றுப் பாம்பு, ஆளைக் கொல்லாது என்பார். சேற்றிலேயே பிழைப்பதால் அதற்குக் கண் உச்சந்தலையில் இருக்கும் என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும்.

என்னைப் போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தருக்குத் தண்டனை மாற்றலாகத் தூக்கிப் போட்டார்கள். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டான். வருஷத்தில் எட்டு மாதம் வானம் ஒழுகும் ஊரில், துவைத்த பனியன் காயாமல் அதன்மேல் காளான் முளைத்த வீட்டில், நானும் என் மனைவியும் குடியேறினோம். இரண்டாம் நாளே சமையலறையில் ஒரு முழ நீளத்தில் பூரான். அடித்துப் போட்டால் மறுநாள் இன்னொன்று. என் மனைவி கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, “ஏங்க, இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?” என்று ஒரு வாரம் கேட்டாள். ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்தேன். மருந்தடிக்க ஆள் வரும் என்று பார்த்தால் விலாசம் ஒரு ஸ்பேனரோடு வந்து நின்றார். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து அடுப்பு மேடைக்கு அடியில் பார்த்தார். குழாயின் வாஷரை மாற்றினார். போய்விட்டார். கசிவு நின்றது, ஈரம் காய்ந்தது, ஈரத்துக்கு வந்த கரப்பான் போனது, கரப்பானுக்கு வந்த பூரானும் போனது. அன்று முதல் என் மனைவிக்கு அவர் அண்ணன். எனக்குத் தங்கை புருஷன் என்கிற மரியாதையெல்லாம் கிடைக்கவில்லை. கடைசிவரை கிளாக்கரையாதான்.

கிளார்க்கைக் கிளாக்கர் என்பதும், இன்ஜினீயரைத் தொரை என்பதும் அவர்கள் வீட்டுத் தமிழ். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவருடைய பெற்றோரைக் கப்பலேற்றி, கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கே பிறந்து, அங்கே பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் முடித்தவர். சுனாமி வந்தபோது வீட்டில் ஐந்து பேர். அது போனபோது இவர் ஒருவர். இதை அவர் என்னிடம் ஒரே தடவை சொன்னார், அதுவும் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. பார்த்த ஜீவனையெல்லாம் அதில் குடியேற்றிவிடுவார். ஒருநாள் அது எங்கள் மேலதிகாரியான இன்ஜினீயர் சாப் கையில் சிக்கிவிட்டது. சாப் கடல் தாண்டி, மெயின்லேண்டில் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. நோட்டில் தன்னுடைய பதவியின் பெயர் மட்டும், கதவுப் பலகையைப் பார்த்து வரைந்ததுபோல, இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறான், படி என்று என்னிடம் நீட்டினார். படித்தேன், மனதுக்குள்.

“பெரிய தொரை. இருப்பிடம்: ஏசி அறை. மழைக்காலத்தில் காணப்படாது. சத்தம் கேட்டால் பக்கவாட்டில் நகரும். பிடித்தால் கையெழுத்துப் போடாமல் நழுவும்.”

தாங்கள் ஓய்வில்லாமல் உழைப்பதாக எழுதியிருக்கிறான் சாப் என்றேன். சாப் பூரித்துப்போய் விலாசத்தின் முதுகில் தட்டினார். இன்னும் எழுது என்று ஒரு பேனாவே கொடுத்தார். அடுத்த பக்கத்தில் என்னைப் பற்றியும் இருந்தது: “கிளாக்கரையா. கரிசல் மண் ஜாதி. ஈரத்தில் வைத்தால் பிழைக்கும். ஆனால் புலம்பும்.” என் மனைவி அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒருவர் எழுதியதை மாற்றிச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்கு வெளியே ஒரு கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஒரு காடே நின்றபடி செத்திருந்தது. உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள், வெளுத்துப்போன கொம்புகளாக, ஒரு இலை இல்லாமல். தீ வைத்தார்களா என்று கேட்டேன்.

“இல்லைங்கையா. சுனாமியன்னிக்குப் பூமி ஆடுனப்ப இந்தப் பக்கம் தரை ஒரு முழம் ஏறிருச்சு. கடல் அதே எடத்துலதான் இருக்கு. இதுங்களுக்கு எட்டல, அவ்வளவுதான். எங்க கச்சால்ல நேர் எதிரு. தரை எறங்கி, தென்னந்தோப்புக்குள்ள கடல் வந்து உக்காந்திருச்சு.”

ஒரு முழம் என்று சொன்னபோது முழங்கையை நீட்டிக் காட்டினார். எனக்கு அப்போது பசி. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

ஓடை விவகாரத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீசுக்குப் பின்னால் ஒரு உப்போடை. இரண்டு பக்கமும் கண்டல். கடல் ஏறினால் நிரம்பும், வடிந்தால் சேறாகக் கிடக்கும். அதை மண் போட்டு மேடாக்கி, மெயின்லேண்டிலிருந்து வருகிற அதிகாரிகளுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸும் வண்டி நிறுத்த இடமும் கட்ட வேண்டும் என்று சாப் ஆசைப்பட்டார். அதற்கு ஹெட் ஆபீஸின் ஒப்புதல் கேட்டு ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்: தளத்தில் காணப்படும் உயிரினங்கள்.

இந்தக் கட்டத்தை நாங்கள் எப்படி நிரப்புவோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தளத்துக்கு எவனும் போக மாட்டான். போன வேலையின் படிவத்தை எடுத்து அப்படியே நகல் அடிப்போம். ரங்கத் என்கிற ஊரில் விவசாயிகள் குடியிருப்புப் பக்கம் கட்டிய ஒரு குடோனின் படிவத்தை, அடுத்து வந்த ஒரு ஜெட்டி வேலைக்கு அடித்து அனுப்பினேன். கடலுக்கு நடுவே ஆறு பாக்கு மரமும் நான்கு பசு மாடும் இருப்பதாகப் போனது. ஒப்புதல் முத்திரையோடு திரும்பி வந்தது. மாடுகளை அப்புறப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்கவும் என்று ஒரு குறிப்பு வேறு.

இந்த முறை யாரோ ஒரு புது அதிகாரி ஹெட் ஆபீஸில் விழித்திருந்தார். வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிறதே, தளத்தை நேரில் பார்த்தவர் கையெழுத்தோடு விவரம் அனுப்பு என்று படிவம் திரும்பிவிட்டது. சாப் சுற்றிலும் பார்த்தார். சேற்றில் இறங்க ஆபீஸில் ஒரே ஆள்தான் உண்டு.

விலாசத்தை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக சர்க்கார் அவரிடம் விலாசம் கேட்கிறது. ஒன்பது நாள், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒவ்வொரு வடிதலுக்கும், டேப்போடு இடுப்பளவு சேற்றில் நின்றார். மரத்தின்மேல் சுண்ணாம்பால் கோடு போட்டு அளந்தார். பத்தாம் நாள் முப்பத்தொரு பக்கத்தைக் கொண்டுவந்து, சேறு படாமல் பேப்பரில் சுற்றி, என் மேஜைமேல் வைத்தார். ஆபீஸ் பாஷை இங்கிலீஷ் என்பதால் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

“நீங்க எழுதுனா அவங்களுக்குப் புரியுங்கையா. ஒரு பேரு விட்டுறாதீங்க. விட்டா அது அங்க இல்லைன்னு ஆயிரும்.”

படித்தேன். “ஒற்றைக் கொடுக்கு நண்டு, ஆண். ஏழாம் மரத்துக்குத் தெற்கே, இரண்டு சாண் தள்ளி. தண்ணீர் ஏறுமுன் வாசலை மண் உருண்டையால் அடைத்துக்கொள்வார்.” நண்டுக்கு மரியாதைப் பன்மை. சேற்றில் தத்தித் தத்தி நடக்கும் மீனுக்கு ஒரு பக்கம்: தண்ணீரில் நீண்ட நேரம் இருக்கப் பிடிக்காது, தரையில் காயவும் கூடாது, அதனால் ஓரத்திலேயே காலம் தள்ளுபவர். தண்ணீர் ஏற ஏற மரத்தில் ஏறி, வடிய வடிய இறங்கும் நத்தைக்கு ஒரு பக்கம். சேற்றுக்குள் மூச்சு கிடைக்காமல் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களுக்கு மூன்று பக்கம். முதலைக்கு அரைப் பக்கம்: குடித்தனக்காரர் இல்லை, விருந்தாளி. கடைசிப் பக்கத்தில், ஒவ்வொருவருக்கும் தரைமட்டத்திலிருந்து எத்தனை சாண் என்று ஒரு கோடு. கீழே எழுதியிருந்தார்: “இதில் யாரையும் ஒரு சாண் மேலே கீழே வைத்தால் இருக்க மாட்டார்கள்.”

செத்த காட்டில் அவர் நீட்டிக் காட்டிய முழங்கை எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் நான் படித்த ஒரே உண்மையான காகிதம் அது. அதைக் கொண்டுபோய் சாப் முன்னால் வைத்தேன்.

சாப் எடை பார்ப்பதுபோலக் கையில் தூக்கிப் பார்த்தார். “இகத்தீஸ் பன்னா? ஏக் லைன் மே லிக் தோ, படே பாபு.” முப்பத்தொரு பக்கமா, ஒரே வரியில் எழுதிவிடு, ஹெட் கிளார்க் என்கிறார். சொல்லிக்கொண்டே கண்ணாடிக் குண்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை இழுத்து ஓரமாக வைத்தார். போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம். ஏழு மாதமாக அந்தக் குண்டுக்கு அடியில் கிடந்தது. அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை என்று ஒரே வரி டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. விலாசத்தைக் கூப்பிட்டு, தளத்தை நேரில் பார்த்தவர் என்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பேனாவை எடுத்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நம்ம பேப்பரெல்லாம் பின்னாடி சேத்துத்தானே போகுது?”

“ஆமா.”

கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு போட்டார்.

ஒப்புதல் வந்தது. செம்மண் ஏற்றிய டிப்பர் லாரிகள் வரிசையாக வந்து நின்ற காலையில், விலாசம் ஓடைக்கும் முதல் லாரிக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். காகிதம் கொடுத்திருக்கிறேன், தப்பான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று டிரைவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சாப் இறங்கி வந்து ஃபைலைத் திறந்து அவருடைய கையெழுத்தை அவருக்கே காட்டினார். ஒரே ஒரு தாள். பின்னால் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று டிரைவர்தான் படித்துச் சொன்னான். அவன் ராமநாதபுரத்துப் பையன், கொஞ்சம் படித்தவன்.

“யாருண்ணே இதை எழுதினது?” என்று கேட்டான்.

நான் நாலடி தூரத்தில் நின்றேன். விலாசம் என்னைப் பார்த்தார்.

“நான்தான். கையெழுத்து இருக்குதுல்ல.”

சொல்லிவிட்டு லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

மண் கொட்டி முடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவர் பக்கெட் பக்கெட்டாக நண்டும் நத்தையும் மீனும் அள்ளிக்கொண்டுபோய் அடுத்த ஓடையில் விட்டார். பூரானுக்குப் பயந்து கட்டிலில் ஏறிய என் மனைவி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரோடு பக்கெட் சுமந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபைலுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அந்த அடுத்த ஓடைக் கரை முழுக்கச் செத்த நண்டு நத்தையின் வெற்று ஓடாகக் கிடந்தது என்று அவள்தான் வந்து சொன்னாள். அவருக்கு முதலிலேயே தெரியுமாம். அந்த ஓடையில் காலி வீடு ஒன்றும் கிடையாது தங்கச்சி, எல்லா வாசலிலும் ஆள் இருக்கிறது, போனவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று பக்கெட்டைத் தூக்கும்போதே சொன்னாராம். பிறகு எதற்கண்ணே சுமக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது என்றிருக்கிறார்.

அந்த வாரமே என் மாற்றல் ஆர்டர் வந்தது. “சந்தோஷமா இருங்க,” என்றாள் என் மனைவி. அதற்குமேல் அந்த மாதம் அவள் என்னிடம் பேசியதெல்லாம் உப்பு, புளி, கேஸ் சிலிண்டர் பற்றி மட்டும்தான்.

அடுத்த மாத மஸ்டர் ரோலில் விலாசத்தின் பெயர் இல்லை. யார் எடுத்தார்கள் என்று அவர் கேட்கவும் இல்லை. கச்சாலுக்கே திரும்புவதாகச் சொல்லி, ஒரு பையும் குடையுமாக ஜெட்டியில் நின்றார். என் மனைவி எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்து என்னை அனுப்பினாள். கூடவே, ஃபைலில் சேர்க்காமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்த முப்பத்தொரு பக்கத்தையும் பையில் வைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு வா என்றாள். நானும் கொடுக்கத்தான் போனேன். சத்தியமாகக் கொடுக்கத்தான் போனேன். மன்னிப்புக் கேட்க நாலு வார்த்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவரே முந்திக் கேட்டார்.

“அந்தப் பேப்பர் என்னாச்சுங்கையா? பிந்தியாவது ஹெட் ஆபீசுக்குப் போச்சா?”

கேட்ட முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பையைத் திறந்திருப்பேன். அதில் ஒரு துளி ஆசை இருந்தது. ஓடை போய்விட்டது, வேலை போய்விட்டது, அந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் அவரிடம் இரண்டாவது தடவையாகப் பொய் சொன்னேன். போய்விட்டது, தனித் தபாலில் அனுப்பினேன் என்றேன்.

“அப்பப் பரவால்ல. அங்க யாராச்சும் ஒருத்தர் படிப்பாங்க,” என்று சொல்லிவிட்டுக் கப்பலில் ஏறிப்போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் யாரும் எனக்கு அகப்படவில்லை. கச்சாலிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கெஸ்ட் ஹவுஸில் ஏசி நன்றாக வேலை செய்கிறதாம். நான் இப்போது போர்ட் பிளேரில், ஷாதிபூரில், மாடி வீட்டில், ஈரம் ஏறாத அறையில் இருக்கிறேன். முப்பத்தொரு பக்கமும் என் அலமாரியில் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்து, டேப் ஒட்டி, மறுபடி கிழிந்து, மறுபடி ஒட்டியிருக்கிறேன். ஏழாம் மரம் எங்கே நின்றது, அதற்குத் தெற்கே யார் யார் இருந்தார்கள் என்று இப்போது என்னைக் கேட்டால் பார்க்காமல் சொல்வேன்.

ஒருத்தன் படித்துக்கொண்டிருக்கிறான், விலாசம். ஒரு பெயர்கூட விடாமல் படிக்கிறான்.